கணையக் கட்டியைச் சுத்தி நிக்கற செல்லுக்கு நானோ மருந்து: கொல்றதா, கரைக்கறதா, திருத்தறதா, வேலை வாங்கறதா?

போன வாரம் ஒரு தங்கச்சி போன் பண்ணா. எம்.பார்ம் முடிச்சுட்டு பிஎச்டி சேர்ந்து ஆறு மாசம் ஆகுது, கைடு "கணையக் கேன்சர், நானோ, ஸ்ட்ரோமா, மூணும் இருக்கற மாதிரி ஒரு டாபிக் கொண்டா"ன்னு சொல்லிட்டாராம், ஸ்ட்ரோமான்னா கேன்சரைச் சுத்தி இருக்கற நாரும் அதை நெய்யற செல்லும், இவ படிக்க உக்காந்தா ஒரு பேப்பர் அந்த செல்லைக் கொன்னுடுன்னு சொல்லுது, இன்னொண்ணு தொடவே தொடாதேன்னு சொல்லுது, மூணாவது ஒண்ணு அந்த செல்லையே மருந்து ஃபேக்டரி ஆக்கலாம்ங்குது. "அக்கா, எதை எடுக்கறது, நாலு வருஷம் இதுலதான போகப் போகுது"ன்னு கேட்டா. ஒரு மணி நேரம் பேசியும் முடியல, அதான் எழுதியே வச்சிடறேன், இதே இடத்துல நிக்கற வேற யாருக்காவதும் உதவும். நான் லிப்போசோம்லயும் (மருந்தை உள்ள வச்சு அனுப்பற, கொழுப்புச் சவ்வால ஆன குட்டி உருண்டை) பாலிமர் பார்ட்டிகிள்லயும் பல வருஷம் வேலை பார்த்தவ, அதனால டாக்டர் சொல்ற மாதிரி சொல்ல மாட்டேன், மருந்தை டப்பாவுல அடைக்கறவ சொல்ற மாதிரி சொல்றேன்.

முதல்ல இந்தக் கட்டி எப்படி இருக்கும்னு சொல்லிடறேன், அது மனசுல பதியலன்னா மீதி எதுவும் பிடிபடாது. கணையக் கேன்சர் ஸ்லைடை மேசன் ட்ரைக்ரோம் சாயம் போட்டு முதல் தடவை மைக்ராஸ்கோப்ல பார்த்தப்போ நான் தப்பான ஸ்லைடை வச்சிட்டேன்னு நினைச்சேன். அந்தச் சாயத்துல கொலாஜன் நீலமா தெரியும், செல்லுங்க சிவப்பா தெரியும். நான் எதிர்பார்த்தது சிவப்பு. பார்த்தது ஃபீல்டு முழுக்க நீலம், நீலத்துல நார் நாரா அலை, அதுக்கு நடுவுல அங்கங்க சின்னச் சின்னதா கோணல் வளையம் மாதிரி கேன்சர் செல்லுங்க. பக்கத்துல இருந்த பெத்தாலஜி மேடம் "இதாம்மா கணையக் கட்டி, கேன்சர் கம்மி, நார்தான் ஜாஸ்தி"ன்னாங்க. சில கட்டியில மொத்தக் கனத்துல 80 சதவீதத்துக்கு மேல கூட இந்த ஸ்ட்ரோமாதான் இருக்கும். எங்க மாமாவுக்கு வயித்தைத் திறந்துட்டு எடுக்க முடியாம திரும்ப மூடினப்போ சர்ஜன் வெளிய வந்து சொன்ன வார்த்தையும் இதேதான், "கல்லு மாதிரி இருக்கும்மா, ரத்தக்குழாயோட ஒட்டிக்கிச்சு". அப்போ எனக்கு அந்தக் கல்லு எதால ஆனதுன்னு தெரியாது. இப்போ தெரியும், அதனாலதான் இதைப் பத்தி யாராவது கேட்டா என்னால சும்மா ரெண்டு வரியில முடிக்க முடியறது இல்ல.

அந்த நீலத்தை நெய்யறது யாருன்னா ஸ்டெல்லேட் செல். நல்ல கணையத்துலயே இது இருக்கு, அமைதியா உக்காந்து வைட்டமின் ஏ-வை கொழுப்புத் துளியா சேர்த்து வச்சிருக்கும், புறஊதா வெளிச்சத்துல பார்த்தா அந்தத் துளி நீலப் பச்சையா ஒரு நிமிஷம் மின்னிட்டு மங்கிடும். காயமோ அழற்சியோ வந்தா அந்தத் துளியை எல்லாம் இழந்துட்டு முழிச்சுக்கும், ஆல்ஃபா-எஸ்எம்ஏ-ன்னு ஒரு தசைப் புரோட்டீனைப் போட்டுக்கும், கொலாஜனா கொட்டும். காயம் ஆறினதும் திரும்பத் தூங்கணும். கேன்சர்ல இது தூங்கறதே இல்ல, ஏன்னா கேன்சர் செல் டிஜிஎஃப்-பீட்டா, ஹெட்ஜ்ஹாக்னு சிக்னல் அனுப்பி முழிக்க வச்சுக்கிட்டே இருக்கும். இப்படி முழிச்ச ஃபைப்ரோபிளாஸ்ட் கூட்டத்தைத்தான் கேஃப்-ன்னு சுருக்கமா சொல்றாங்க. இந்த நாரும், தண்ணியை உறிஞ்சி வீங்கற ஹயலுரோனானும் சேர்ந்து உள்ள இருக்கற ரத்தக்குழாயை நசுக்கிடும். கீமோ ரத்தத்துல ஓடுது, ஆனா கட்டிக்குள்ள ரத்தமே சரியா ஓடல, அப்புறம் மருந்து எப்படிப் போகும்.

இதுல நானோ என்ன கிழிச்சுதுன்னு நேர்மையா சொல்லணும். 1986-ல ஜப்பான்ல மட்சுமுராவும் மயேதாவும், கட்டியோட ரத்தக்குழாய் ஓட்டை ஓட்டையா இருக்கு, பெரிய மூலக்கூறு அதுல கசிஞ்சு உள்ளயே தங்கிடுதுன்னு காட்டினாங்க, அந்த ஒரு கருத்தை நம்பித்தான் முப்பது வருஷம் எல்லாரும் 100 நானோமீட்டர் பார்ட்டிகிளா செஞ்சு தள்ளினோம். 2016-ல டொரன்டோவுல வாரன் சான் குழு பத்து வருஷத்துப் பேப்பரையெல்லாம் ஒண்ணா சேர்த்துக் கணக்குப் போட்டாங்க, ஊசியில போட்ட நானோபார்ட்டிகிள்ல கட்டிக்குள்ள போய்ச் சேர்றது மீடியனா, அதாவது நடு மதிப்பா, 0.7 சதவீதம். நூத்துல ஒண்ணு கூட இல்ல. மீதியில பெரும்பகுதி ஈரல், மண்ணீரல்னு போய் உக்காந்துக்கும். அதுவும் எலியில.

இந்த 0.7-ஐ நான் குறை சொல்றதுக்காக எடுக்கல. டாபிக் எடுக்கறதுக்கு என்கிட்ட இருக்கற ஒரே அளவுகோல் அதுலேர்ந்துதான் வருது. நம்ம பேப்பர் எல்லாம் போய்ச் சேர்ந்த அந்த ஒரு பங்கு என்ன பண்ணுச்சுன்னு பக்கம் பக்கமா எழுதும். நான் கேக்கச் சொல்றது, போய்ச் சேராத 99 பங்கு போன இடத்துல என்ன பண்ணும்? அந்தக் கேள்வியை ஒவ்வொரு வழிகிட்டயும் கேட்டுப் பாரு, நாலும் ஒரே மாதிரி நிக்காது.

சரி, முதல் வழி, கொன்னுடறது. கேக்க நியாயமாத்தான் இருக்கு, சுவர் கட்டறவன் போயிட்டா சுவரும் போயிடும். 2009-ல சயன்ஸ்ல ஆலிவும் டுவேசனும் இன்னும் பலரும் சேர்ந்து போட்ட பேப்பர் இதுக்குப் பெரிய தைரியம் கொடுத்துச்சு, ஹெட்ஜ்ஹாக் சிக்னலை அடைக்கற ஐபிஐ-926 மருந்தை ஜெம்சிட்டபின்ங்கற கீமோ மருந்தோட கொடுத்தா எலியில ஸ்ட்ரோமா குறைஞ்சுது, ரத்தக்குழாய் கூடுச்சு, எலி உயிரோட இருந்த மீடியன் நாள் 11-லேர்ந்து 25 ஆச்சு. எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆனா மனுஷங்க ட்ரயல்ல, 2012 ஜனவரியில நிறுத்த வேண்டியதா போச்சு, ஏன்னா மருந்து சேர்த்துக் கொடுத்தவங்க ஜெம்சிட்டபின் மட்டும் எடுத்தவங்களை விடச் சீக்கிரம் இறந்தாங்க. ஏன்னு விளங்க ரெண்டு வருஷம் ஆச்சு. 2014-ல கேன்சர் செல் இதழ்ல ரெண்டு பேப்பர் பக்கத்துப் பக்கத்துல வந்துச்சு, ஒண்ணு எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் சென்டர்ல ரகு கல்லூரிங்கறவரோட குழு ஆல்ஃபா-எஸ்எம்ஏ செல்லை ஜீன் மூலமா அழிச்சது, இன்னொண்ணு ஸ்டேஞ்சர் குழு ஹெட்ஜ்ஹாக் ஜீனையே எடுத்தது. ரெண்டுலயும் ஸ்ட்ரோமா குறைஞ்சுது, கட்டி இன்னும் மூர்க்கமாச்சு, எலி சீக்கிரமே செத்துச்சு. அந்த நார் மருந்தை மட்டும் தடுக்கல, கேன்சரையும் கட்டிப் போட்டு வச்சிருந்துச்சு.

நானோ ஆளுங்களும் இந்த வழியில போயிருக்கோம். டொரன்டோவுல செல்லாக்ஸ்னு, டோசிடாக்செல்ங்கற கீமோ மருந்தை ஒரு செல்லுலோஸ் பாலிமர்ல கோத்து 120 நானோமீட்டர் வாக்குல ஒரு பார்ட்டிகிள் செஞ்சாங்க, அது எலி மார்பகக் கட்டியில ஆல்ஃபா-எஸ்எம்ஏ செல்லுக்குள்ளதான் அதிகமா போய்ச் சேர்ந்துச்சு, அதைக் குறைச்சுது, கட்டி பரவறதும் குறைஞ்சுது. வேதியியலா பார்த்தா அழகான வேலை, நான் மதிக்கறேன். ஆனா 99 பங்கு கேள்வியைக் கேளு. உள்ள இருக்கறது விஷம், தப்பிப் போன இடத்துலயும் விஷம்தான். சரி, ஃபேப்-ங்கற புரோட்டீனைத் தேடிப் பிடிக்கற ஒண்ணை முகவரியா பார்ட்டிகிள் மேல ஒட்டினா நேரா போயிடும்னு சொல்வாங்க. ஃபேப் கேஃப்ல ஏராளமா இருக்கு, ஆனா எலும்பு மஜ்ஜையில இருக்கற ஸ்ட்ரோமா செல்லுலயும் இருக்கு, தசையிலயும் இருக்கு, 2013-ல ஃபேப்பைக் குறி வச்ச கார்-டி செல்லை (குறியைத் தாக்கற மாதிரி மாத்தின நோய் எதிர்ப்பு செல்) எலிக்குக் கொடுத்தப்போ எலி இளைச்சு மஜ்ஜை கெட்டுப் போச்சு. அதனால பிஎச்டிக்கு இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன். எலியில கட்டி சின்னதாகும், கிராஃப் நல்லா வரும், பேப்பரும் வரும், ஆனா வைவாவுல யாராவது "2014 பேப்பருக்கு என்னம்மா பதில்"ன்னு கேட்டா கையில பதில் இருக்காது.

ரெண்டாவது வழி, செல்லை விட்டுடு, அது நெய்ஞ்சதை மட்டும் கரை. இதுக்குப் பெரிய உதாரணம் பெக்பிஎச்20, ஹயலுரோனானை வெட்டற என்சைம்ல பெக்-ங்கற பாலிமர் சங்கிலி ஒட்டி ரத்தத்துல நீண்ட நேரம் ஓட வச்சது, லிப்போசோமுக்கு நாம போடற அதே பெக் போர்வைதான். 2012-ல எலியில நசுங்கின ரத்தக்குழாய் திறந்துக்கிட்டதைப் பார்த்து எனக்கே புல்லரிச்சுது. ரெண்டாம் கட்ட ட்ரயல்ல ஹயலுரோனான் அதிகம் இருக்கறவங்களுக்கு நல்லா வேலை செஞ்ச மாதிரி தெரிஞ்சுது, அதனால அவங்களை மட்டும் பொறுக்கி எடுத்து மூணாம் கட்டம், 494 பேர். 2019 நவம்பர்ல முடிவு வந்துச்சு, என்சைம் சேர்த்தவங்க மீடியனா 11.2 மாசம், சேர்க்காதவங்க 11.5 மாசம். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா கட்டி சுருங்கினவங்க விகிதம் 47-க்கு 36-ன்னு என்சைம் பக்கம்தான் அதிகம். சுருங்குச்சு, ஆனா ஆயுள் கூடல. அந்த ஒரு வரியை எழுதி மேஜைக்கு மேல ஒட்டி வச்சுக்கோ, எலி ரிசல்ட் வரும்போதெல்லாம் பாரு. இன்னொரு ட்ரயல்ல ஃபோல்ஃபிரினாக்ஸ்ங்கற கீமோ கலவையோட இதைச் சேர்த்தப்போ 7.7 மாசம், சேர்க்காம 14.4, அங்க நேரடியாவே கெடுதல். 99 பங்கு கேள்விக்கும் இது நல்லா மாட்டும், ஏன்னா ஹயலுரோனான் மூட்டுலயும் தசையிலயும் இருக்கு, தசைப் பிடிப்பு, கை கால் வலின்னு ட்ரயல்ல வந்ததெல்லாம் அங்கேர்ந்துதான் கிளம்புச்சு.

இதையே என்சைமை லிப்போசோம்ல அடைச்சு, கட்டியில மட்டும் மெதுவா விட்டா? இஸ்ரேல்ல டெக்னியன்ல ஷ்ரோடர் குழு கொலாஜனேஸை 100 நானோமீட்டர் லிப்போசோம்ல அடைச்சு, எலிக்கு முதல்ல அதையும் அப்புறமா மருந்தையும் கொடுத்துக் காட்டியிருக்காங்க, அந்த ரெண்டு படி யோசனை எனக்குப் பிடிக்கும். ஆனா வேலையா எடுக்கறதுன்னா நடைமுறை ஒண்ணு சொல்றேன். என்சைம் அடைக்கறது சாதா மருந்து அடைக்கற மாதிரி இல்ல, ப்ரோப் சோனிகேட்டர் (ஒலி அலையால உடைக்கற மெஷின்) வச்சா என்சைம் செத்துடும், குளோரோஃபார்ம் பட்டாலும் சாகும், எவ்வளவு உள்ள போச்சுன்னு அளந்தா மட்டும் போதாது, உள்ள போனதுல எவ்வளவு உயிரோட இருக்குன்னு தனியா அளக்கணும், ஒரு பேட்ச் வரும் அடுத்த பேட்ச் வராது. எங்க லேப்ல ஒரு பையன் இதுலயே ஒன்றரை வருஷம் போனான், பாவம்.

மூணாவது வழியைத்தான் நான் நிறைய பேசப் போறேன், அந்த செல்லைத் திரும்பத் தூங்க வைக்கறது. கொல்லல, கரைக்கல, முன்ன எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கறது. வைட்டமின் ஏ-வை இழந்துட்டுத்தான் முழிச்சுதுன்னா வைட்டமின் ஏ-வைத் திருப்பிக் கொடுத்தா? லண்டன்ல பார்ட்ஸ் கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல கோச்சர் குழு 2011-ல இதைத்தான் செஞ்சாங்க, அட்ரா-ன்னு ஒரு வைட்டமின் ஏ வகை, ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்கெனவே கொடுக்கற மருந்து, அதைக் கொடுத்தா ஸ்டெல்லேட் செல் அடங்குது, பக்கத்துல இருக்கற கேன்சர் செல்லும் தளருது, அதை மனுஷங்ககிட்ட முதல் கட்ட ட்ரயல் வரைக்கும் கொண்டு போய் 2020-ல எழுதியிருக்காங்க. 2014-ல அமெரிக்காவுல சால்க் இன்ஸ்டிட்யூட்ல ரொனால்ட் எவன்ஸ் குழு வைட்டமின் டி பக்கத்துலேர்ந்து வந்தாங்க, சோரியாசிஸ் களிம்புல போடற கால்சிபோட்ரியால்தான் மருந்து, ஜெம்சிட்டபினோட சேர்த்தா கீமோ மட்டும் கொடுத்த எலியை விட 57 சதவீதம் அதிக ஆயுள். 2014-லயே, கொன்னா கெடும்னு ரெண்டு பேப்பர் வந்த அதே வருஷம். எனக்கு அந்த மூணையும் சேர்த்துப் படிச்ச ராத்திரி இன்னும் ஞாபகம் இருக்கு, செல்லு இருக்கணும், ஆனா அதோட குணம் மாறணும், அப்படின்னு ஒரே பக்கமா மூணும் கை காட்டுச்சு.

லோசார்டான் கதையும் இதே குடும்பம்தான். நம்ம வீட்டுல அப்பா அம்மா பிரஷருக்குப் போட்டுக்கற அதே மாத்திரை. இது டிஜிஎஃப்-பீட்டா பக்கத்தைத் தணிச்சு கொலாஜன் சுரக்கறதைக் குறைக்கும், பாஸ்டன்ல ராகேஷ் ஜெயின் குழு 2011-ல எலிக்கு லோசார்டான் கொடுத்தா டாக்சில்ங்கற கீமோ லிப்போசோம் கட்டிக்குள்ள நல்லா பரவுதுன்னும், 2013-ல நசுங்கின ரத்தக்குழாய் திறக்குதுன்னும் காட்டினாங்க. அப்புறம் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில, ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு இருந்த 49 பேருக்கு ஃபோல்ஃபிரினாக்ஸோட லோசார்டான், பின்னால ரேடியேஷன், அப்புறம் பத்துல ஆறு பேருக்கு மேல கட்டியை ஓரம் சுத்தமா வெட்டி எடுக்க முடிஞ்சுது. மாமாவை நினைச்சுக்கிட்டே படிச்சேன் அதை. ஆனா அது ஒரே குழு ட்ரயல், லோசார்டான் எடுக்காத ஒரு குழுவை வச்சு ஒப்பிடல, அதனால நல்லது செஞ்சது லோசார்டானா, ஃபோல்ஃபிரினாக்ஸா, ரேடியேஷனான்னு அதை வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது. இதைப் படிச்சுட்டு வீட்டுல யாருக்காவது நீங்களா லோசார்டான் வாங்கிக் கொடுத்துடாதீங்க, கேன்சர் நோயாளிக்கு பிரஷர் ஏற்கெனவே கீழ இருக்கலாம், இன்னும் இறங்கினா ஆபத்து, டாக்டர் சொல்லாம வேண்டவே வேண்டாம்.

இப்போ நீ கேக்கணும், மாத்திரையே இருக்கறப்போ நானோ எதுக்குக்கா? இதுதான் சரியான கேள்வி, இதுக்குப் பதில் இல்லாத டாபிக்கை எடுக்காத. இந்த வழியில பதில் இருக்கு, ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொண்ணு. லோசார்டானோட தடை பிரஷர் இறங்கறது, கட்டிக்கு வேண்டிய டோஸ் கொடுக்கறதுக்குள்ள ஆள் மயங்கிடுவார், அதனால ஜெயின் குழுவே 2019-ல அந்த வகை மருந்தைப் பாலிமர்ல கோத்து, கட்டியோட அமிலத்துல மட்டும் அவுந்து விழற மாதிரி பண்ணாங்க, எலியில பிரஷர் விழாம ஸ்ட்ரோமா மாறுச்சு. வைட்டமின் டி வகைக்குத் தடை ரத்தத்துல கால்சியம் ஏறறது. அட்ராவுக்குத் தடை அது தண்ணியில கரையாது, வெளிச்சம் பட்டா கெடும், தொடர்ந்து வாயில கொடுத்தா உடம்பே அதை உடைக்கற என்சைமை ஏத்திக்கிட்டு ரத்தத்துல அளவு சரிஞ்சுக்கிட்டே வரும். இது மூணும் டப்பாவுல அடைக்கறவங்க தீர்க்கக் கூடிய பிரச்சினை, நம்ம தொழிலுக்கு இங்க நிஜமாவே வேலை இருக்கு. பெய்ஜிங்ல நீ குவாங்ஜுன் குழு 2018-ல தங்க நானோபார்ட்டிகிள்ல அட்ராவையும், எச்எஸ்பி47-ஐ அடைக்கற எஸ்ஐஆர்என்ஏ-வையும் (ஒரு ஜீனை மட்டும் அடக்கற குட்டி ஆர்என்ஏ துண்டு) சேர்த்து ஏத்தினாங்க. எச்எஸ்பி47-ங்கறது கொலாஜனை மடிச்சு விடற உதவியாள் புரோட்டீன், அது இல்லன்னா செல்லு உயிரோட இருக்கும், கொலாஜன் மட்டும் ஒழுங்கா வெளிய வராது.

இந்த எச்எஸ்பி47-க்கு ஒரு அண்ணன் கதை இருக்கு, கேன்சர்ல இல்ல, ஈரல்ல. 2008-ல ஜப்பான்ல சப்போரோவுல லிப்போசோம் மேல வைட்டமின் ஏ-வை ஒட்டி, உள்ள எச்எஸ்பி47 எஸ்ஐஆர்என்ஏ வச்சு, சிரோசிஸ் வந்த எலிக்குக் கொடுத்தாங்க, ஈரலோட தழும்பே கரைஞ்சு எலி பிழைச்சுது. ஏன் வைட்டமின் ஏ? ஈரல்லயும் ஸ்டெல்லேட் செல் இருக்கு, நம்ம உடம்போட வைட்டமின் ஏ-ல பெரும்பகுதியைச் சேர்த்து வைக்கறதே அதுதான், வைட்டமின் ஏ-வைப் பார்த்தா இழுத்துக்கும். அதுக்கப்புறம் அந்த மருந்து மனுஷங்க ட்ரயல் வரைக்கும் போச்சு.

இதைப் படிச்சப்போ முதல்ல எனக்கு வந்தது பயம். கணையத்துக்கு அனுப்பற வைட்டமின் ஏ பார்ட்டிகிளை எல்லாம் ஈரல் வழியிலயே பிடிச்சு வச்சுக்குமே? வச்சுக்கும், சந்தேகமே இல்ல. இப்போ 99 பங்கு கேள்வியைக் கேட்டுப் பாரு. கொல்ற மருந்தா இருந்தா ஈரல்ல நல்லா இருக்கற ஸ்டெல்லேட் செல்லை அது கொல்லும். தூங்க வைக்கற மருந்தா இருந்தா? ஏற்கெனவே தூங்கறவனைத் தூங்க வைக்கறதால பெரிசா என்ன ஆகிடும். கணையக் கேன்சர் ஈரலுக்குத்தான் முதல்ல பரவும், அங்கயும் இதே செல்லை எழுப்பித்தான் இடம் போடும், அதனால ஈரல்ல போய்ச் சேர்ற பங்கு வீண் இல்லாமக் கூடப் போகலாம், இது என் ஊகம்தான், யாராவது செஞ்சு பார்க்கணும். நாலு வழியில குறி தப்பினாலும் பெரிசா கெடுக்காத சரக்கு இந்த ஒரு வழியிலதான் இருக்கு, நான் இதைச் சொல்றதுக்குக் காரணம் அதுதான்.

குறை இல்லாமலா? இருக்கு. தூங்கினது திரும்ப முழிக்கும், மருந்தை நிறுத்தினா கேன்சர் பக்கத்துலயே உக்காந்து தட்டி எழுப்பும், அதனால இது தனியா ஒரு சிகிச்சை ஆகாது, கீமோவோட சேர்ந்தேதான். வைட்டமின் டி வகை, கேன்சரைத் தாக்கற டி-செல்லையும் கொஞ்சம் அமுக்கும், இம்யூனோதெரபியோட சேர்க்க நினைச்சா அங்க இடிக்கும். இன்னொண்ணு, கேஃப் ஒரே ஜாதி இல்ல. 2017-ல கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர்ல டுவேசன் குழு, கட்டிக்கு ஒட்டி நிக்கற நார் நெய்யற வகை வேற, கொஞ்சம் தள்ளி நின்னு ஐஎல்-6 மாதிரி அழற்சி சிக்னல் அனுப்பற வகை வேறன்னு பிரிச்சுக் காட்டினாங்க, ஒண்ணு இன்னொண்ணா மாறவும் செய்யும். நீ நார் வகையை அடக்கினேன்னு சந்தோஷப்படறப்போ அது அழற்சி வகையா மாறியிருந்தா? அதனால ஆல்ஃபா-எஸ்எம்ஏ குறைஞ்சுதுன்னு ஒரே ஒரு வெஸ்டர்ன் பிளாட்டை (புரோட்டீன் அளவைக் காட்டற சோதனை) காட்டி முடிச்சுடாத, ஐஎல்-6-ம் சேர்த்துப் பாரு.

நாலாவது வழி, அந்த செல்லையே வேலை வாங்கறது. நார்த் கரோலினாவுல லீஃப் ஹுவாங் குழு கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சது இது, ரத்தக்குழாய்க்கு ஒட்டி நிக்கற ஃபைப்ரோபிளாஸ்ட், வர்ற நானோபார்ட்டிகிளை எல்லாம் கேன்சர் செல்லுக்குப் போகறதுக்கு முன்னாடியே விழுங்கிடுது. எல்லாரும் இதைத் தடைன்னு பார்த்தாங்க, இவங்க சரி நீதான விழுங்கற, உனக்கே கொடுக்கறேன்னு டிரெயில்-ங்கற புரோட்டீனோட ஜீனை அதுக்குள்ள அனுப்பினாங்க, ஃபைப்ரோபிளாஸ்ட் அதைச் செஞ்சு வெளிய விட, பக்கத்துல இருந்த கேன்சர் செல்லு செத்துச்சு, ஃபைப்ரோபிளாஸ்ட்டும் அடங்குச்சு. 2017 பேப்பர். எனக்கு ரொம்பப் பிடிச்ச யோசனை. ஆனா தப்பின பார்ட்டிகிள் ஈரல்ல போய் அங்கயும் டிரெயில் செய்ய ஆரம்பிச்சா என்னங்கற கவலை என்னை விடாது, அதோட ஜீன் டெலிவரிக்கு பிளாஸ்மிட் வேலை, பார்ட்டிகிள் வேலை, எலி வேலை மூணும் தெரிஞ்ச ஆளுங்க லேப்ல இருக்கணும். பெரிய லேப்ல போஸ்ட்டாக் போனா செய், முதல் டாபிக்கா வேண்டாம்.

மேக்ரோஃபேஜ் பக்கம் போகலாமான்னு தங்கச்சி நடுவுல கேட்டிருந்தா. அதுவும் கட்டியைச் சுத்தி நிக்கற செல்லுதான், நானோவைத் தானா விழுங்கற செல்லு, அதனால அனுப்பறது சுலபம். ரத்தச்சோகைக்குக் கொடுக்கற இரும்பு நானோபார்ட்டிகிள் ஃபெருமாக்ஸிட்டால் மேக்ரோஃபேஜைக் கேன்சருக்கு எதிரா திருப்புதுன்னு 2016-ல ஸ்டான்ஃபோர்டு குழு எலியில காட்டினாங்க. மேக்ரோஃபேஜை உசுப்பற மைஃபமுர்டைட் 2009-லயே ஐரோப்பாவுல எலும்புக் கேன்சருக்கு அனுமதி வாங்கிடுச்சு, அது நானோ கூட இல்ல, மைக்ரோமீட்டர் அளவு பல அடுக்கு லிப்போசோம், விழுங்கற செல்லுக்குப் பெரிசே போதும்னு புரிஞ்சு செஞ்சது. நல்ல துறை, ஆனா கணையத்துல மேக்ரோஃபேஜைத் தடுக்கற கபிராலிசுமாப் 2020-ல தோத்துச்சு, உன் கைடு கேட்டதும் ஸ்ட்ரோமா நார், அதனால இதைத் தள்ளி வச்சிடு.

ஆக நான் சொன்னது மூணாவது வழி, அதுலயும் அட்ரா. விலை கம்மி, கரையாத மருந்துங்கறதால லிப்போசோம் சவ்வுக்குள்ள தானா உக்காரும், நானோ எதுக்குன்னு கேட்டா பதில் இருக்கு, தப்பிப் போனா ஈரல் தாங்கும், ஆனா டோஸைப் பார்த்து வை, வைட்டமின் ஏ அளவு மீறினா ஈரலுக்கே கெடுதல்தான், அதை எலியில கண்டிப்பா அளக்கணும். அளவு விஷயத்துல 100 நானோமீட்டர்ல நிக்காத. 2011-ல டோக்கியோவுல கட்டாவோகா குழு 30, 50, 70, 100 நானோமீட்டர்ல ஒரே மருந்தை மைசெல்லா (லிப்போசோமை விடச் சின்னதா செய்யக் கூடிய உருண்டை) செஞ்சு பார்த்தாங்க, ஓட்டை நிறைய இருக்கற கட்டிக்குள்ள எல்லாமே போச்சு, கணையக் கட்டிக்குள்ள 30 மட்டும்தான் போச்சு. நம்ம எக்ஸ்ட்ரூடர்ல (சின்ன ஓட்டை வழியா தள்ளி லிப்போசோமை அளவாக்கற மெஷின்) 50-க்குக் கீழ போறது கஷ்டம், அதனால லிப்போசோமை விட்டு மைசெல் யோசி. டிஎல்எஸ்ல (பார்ட்டிகிள் அளவு பார்க்கற மெஷின்) தண்ணியில 32-ன்னு காட்டறதைப் பார்த்து ஏமாறாத, சீரத்துல ஊற வச்சுத் திரும்ப அளந்து பாரு, எனக்கு ஒரு தடவை 40 இருந்தது மறுநாள் காலையில 180 ஆகி நின்னுச்சு.

முகவரி ஒட்டறதை அவசரப்படாத. அப்ராக்சேனை ஞாபகம் வச்சுக்கோ, 130 நானோமீட்டர் ஆல்புமின் பார்ட்டிகிள், ஸ்ட்ரோமா செல்லு சுரக்கற ஸ்பார்க் புரோட்டீன் ஆல்புமினைப் பிடிச்சு இழுக்கும்னு ஒரு அழகான கதை இருந்துச்சு. 2013-ல 861 பேர் ட்ரயல்ல மருந்து ஜெயிச்சுது, ஜெம்சிட்டபினோட சேர்த்துக் கொடுத்தா 8.5 மாசம், தனி ஜெம்சிட்டபினுக்கு 6.7, ஆனா பின்னால அதே ட்ரயல் திசுவை எடுத்துப் பார்த்தா ஸ்பார்க் அதிகம் இருந்தவங்களுக்கும் கம்மியா இருந்தவங்களுக்கும் வித்தியாசம் இல்ல. மருந்து நல்ல மருந்து, கதைதான் நிக்கல.

கடைசியா ஒண்ணு, இதுதான் நான் போன்ல சொல்ல மறந்தது, உண்மையில முதல்ல சொல்லியிருக்கணும். ஸ்டெல்லேட் செல்லைப் பிளாஸ்டிக் டிஷ்ல போட்டாலே சில நாள்ல அதுவா முழிச்சுக்கும், ஏன்னா பிளாஸ்டிக் கட்டியை விடக் கெட்டி. அப்போ உன் கன்ட்ரோல், மருந்து குழு ரெண்டுமே முழிச்ச செல்லுதான், எதைத் தூங்கின செல்லோட ஒப்பிடுவ? மேட்ரிஜெல் மாதிரி மெத்துனு இருக்கறதுல ஒரு செட் வளர்த்துக்கோ, அதுதான் உன் தூங்கற செட். பார்ட்டிகிள் செய்யறதுக்கு முன்னாடி மூணு மாசம் வெறும் அட்ராவை மட்டும் வச்சு, மஞ்சள் லைட்ல, கொழுப்புத் துளி திரும்ப வருதான்னு ஆயில் ரெட் ஓ சாயம் போட்டுப் பாரு. வரலன்னா மைசெல் செஞ்சும் பிரயோஜனம் இல்ல, அப்போ கால்சிபோட்ரியாலுக்கு மாறிக்கலாம், மூணு மாசம்தான் போயிருக்கும்.

நேத்து ராத்திரி மெசேஜ் பண்ணியிருந்தா. கைடு அட்ராவுக்குச் சரின்னுட்டாராம், மேட்ரிஜெல் விலையைப் பார்த்துட்டு முகம் சுளிச்சாராம், ஒரு வயல் மட்டும் வாங்கிக்கோன்னு கடைசியில கையெழுத்துப் போட்டுட்டாராம். ஆயில் ரெட் ஓ பக்கத்து லேப்ல இருக்கு, எக்ஸ்பைரி ஆகலயான்னு பார்த்துட்டுச் சொல்றேன்க்கான்னு எழுதியிருந்தா.